பச்சை ஓலை வேண்டாம் என்றவள்

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு பீரியட் ‘படைப்பைப் பேணுதல்’ என்று உண்டு. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்கென்றே டைம்டேபிளில் ஒதுக்கி வைத்த இடம் என்று மற்ற ஆசிரியைகள் கேலி செய்வார்கள். அதை எடுக்க யாரும் முன்வராததால் நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. இதை இவ்வளவு காலமும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளி தளேகாவுக்கு வெளியே இருக்கிறது, கன்னியாஸ்திரீகள் நடத்துவது. நாங்கள் குடியிருப்பது சிஞ்ச்வட்டில், ஒரு சொசைட்டி ஃபிளாட்டில். என் வீட்டுக்காரர் சாகணுக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார், நான் எதிர்த்திசையில் லோக்கல் ரயிலில் போவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். வந்து பல வருடமாகியும் என் இந்தி தட்டித் தடவித்தான் நடக்கும், மராத்தி அதுவும் நடக்காது. வகுப்பில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், கடையில் கை ஜாடை. அப்படியே ஓட்டிவிட்டேன்.

படைப்பைப் பேணுவது என்றால் என்ன என்று முதல் வகுப்பில் கேட்டேன். பிளாஸ்டிக் வேண்டாம் மிஸ், மரம் நட வேண்டும் மிஸ் என்று ஒப்பித்தார்கள். அதெல்லாம் அப்புறம், முதலில் இந்தப் பூமி யாருடையது என்று கேட்டேன். அரசாங்கத்துடையது என்றது ஒன்று. பில்டருடையது என்றது இன்னொன்று. வகுப்பே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இது கர்த்தருடையது, நாம் அதன் சொந்தக்காரர்கள் இல்லை, வெறும் ஸ்டூவர்ட் என்றேன். ஸ்டூவர்ட் என்றால் விமானத்தில் ஜூஸ் கொடுப்பவர் என்று ஒருத்தன் சொன்னான். “அவரேதான். ஆனால் அந்த ஜூஸ் அவருடையதா? அவர் பாட்டுக்குக் குடித்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். நான் கூட எதிர்பார்க்காத அளவுக்கு அது பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொண்டது. தமிழ் வேதத்தில் இதற்கு உக்கிராணக்காரன் என்ற சொல் உண்டு. பண்டசாலையின் சாவியை வைத்திருப்பவன், சரக்கு எசமானுடையது. வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். ஆனாலும் சாவி விஷயம் எல்லாருக்கும் விளங்கியது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு ஓடை. அதன் கரையில் ஈச்சமரங்கள் கூட்டமாக நிற்கும். ஷிந்தி என்பார்கள் இங்கே. மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் வந்து அவற்றில் கூடு கட்டும். வாரா வாரம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். குழுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு மரம் கொடுத்தேன். இது உங்களுடையது இல்லை, உங்கள் பொறுப்பில் இருப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண் குருவிக்காகக் காத்திருக்கும், அதற்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு கூடு கட்டும் என்றதும் பெண்பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கீழே விழுந்த கூட்டை எடுக்கலாமா என்று கேட்டார்கள். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு எடு என்றேன். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுத்தார்கள். அதைப் பார்த்துத் தலைமை ஆசிரியை, அவரும் ஒரு கன்னியாஸ்திரீதான், மற்ற பள்ளிகளிலிருந்து வந்த சிஸ்டர்களுக்கு என்னைக் காட்டிப் பேசினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இனி சபை விஷயத்துக்கு வருகிறேன். சிஞ்ச்வட்டில் எங்களுக்கென்று கோயில் கிடையாது. மராத்தி சபையாரின் கோயிலில் அவர்கள் ஆராதனை முடிந்த பிறகு எங்கள் தமிழ் ஆராதனை. அவர்கள் வெளியே வர, நாங்கள் உள்ளே போவோம். பாடல் புத்தகத்தை மாற்றி வைப்பதற்குள் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். பெண்கள் ஐக்கியத்தில் நான்தான் செயலாளர். சபையில் எந்த வேலையானாலும் என் தலையில் விழும். விழாவிட்டால் நானே தலையை நீட்டுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கையில் ஓலை பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டு பவனி வர வேண்டும். மராத்தியில் அதை ‘ஜாவள்யாஞ்சா ரவிவார்’ என்பார்கள். வெறும் ஓலைகளின் ஞாயிறு. எந்த ஓலையானாலும் சரி, பச்சைப் பசேலென்று முற்றின கீற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நமக்கு அப்படி ஆகுமா? நம் பெயரிலேயே குருத்து இருக்கிறது. வெளுத்த மஞ்சளில், விரியாத, மடங்கின, வாசனை போகாத குருத்து. அதில்தான் சிலுவை பின்ன வரும், கிளி பின்ன வரும். முற்றின ஓலை மடக்கினால் ஒடிந்துவிடும். இதெல்லாம் மராத்திக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் எங்களுக்குள் இளக்காரமாகப் பேசிக்கொள்வதும் உண்டு.

ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்து பஸ்ஸில், ஈரச் சாக்கில் சுற்றிக் குருத்தோலை வரும். பனங்குருத்து. ஒரு வருடம் வந்து சேர்ந்தபோது சாக்கைப் பிரித்தால் கருகிப்போய் நாற்றமடித்தது. போன வருடம் அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு, இங்கேயே ஏற்பாடு செய்கிறேன் என்று நான் பொறுப்பேற்றேன். எங்கள் சொசைட்டிக்குச் செடி கொண்டுவந்து வைக்கும் தோட்டக்காரரிடம் சொன்னேன். தளேகாவ் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். இரண்டு நாள் முன்னதாகவே ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து வாசலில் போட்டார். நல்ல பச்சை. அப்போதே எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் ஒரு கீற்றை மடக்கிக் காட்டி, அது ஒடிந்ததும், “இது வேண்டாம். ஹரா நஹி. அந்தர் வாலா. பீலா,” என்றேன். பச்சை வேண்டாம், உள்ளே இருப்பது, மஞ்சளாக இருப்பது. அவருக்குப் புரியவில்லையோ என்று கைவிரல்களைக் குவித்து நடுவிலிருந்து ஒன்றை உருவுவது போலவும் காட்டினேன். அவர் அந்த ஒடிந்த கீற்றைக் கையில் எடுத்தார். “அந்தர் வாலா?” என்று கேட்டார். ஆமாம், அதுதான், அது மட்டும்தான் என்றேன். எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை டெம்போவில் வந்து இறங்கியது. கையில் எடுத்தால் வழுக்குகிற மாதிரி, வெண்ணெய் நிறத்தில், அவ்வளவு இளசு. ஐக்கியப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். “எக்கா, ஊர்ல உள்ளது மாரியே இருக்கே! எங்கன பிடிச்சீங்க?” என்றாள் ஒருத்தி. “தேடுனா கெடைக்கும். தேடணும்லா,” என்றேன். மறுநாள் பவனியில் ஒவ்வொரு கையிலும் குருத்து. போதகர் பிரசங்க பீடத்திலிருந்தே நன்றி சொன்னார். வெளியே வந்துகொண்டிருந்த மராத்திப் பெண்கள் சிலர் நின்று, எங்கள் ஓலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பார்க்காதது போல் நின்றுகொண்டிருந்தேன், ஆனால் பார்த்தேன். மிஞ்சின ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்து சிலுவைகளாகப் பின்னி, திங்கட்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். இந்துப் பிள்ளைகளும் வாங்கிப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஓடைக்குப் போனோம். வழக்கம்போல் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். முன்னால் போனவர்களின் சத்தம் சட்டென்று நின்றது. எந்த வகுப்பும் தானாக அமைதியாகாது. ஏதோ பாம்பு என்று நினைத்து ஓடினேன்.

மரங்களுக்குத் தலை இல்லை. ஒன்றிரண்டு தப்பியிருந்தன, பெரும்பாலானவை அப்படித்தான். மொட்டை மொட்டையாகக் கம்பம் போல நின்றன. பழைய கூடுகள் ஓடையிலும் கரையிலும் கிடந்தன. பனையோ தென்னையோ ஈச்சமரமோ, அதற்கு உயிர் ஒரே இடத்தில்தான், உச்சியில், குருத்தில். ஊரில் பனையேறுகிறவர் ஏறி, உட்கார்ந்து, மரத்துக்கு ஒரு ஓலையாகப் பார்த்து எடுப்பார். இங்கே அரிவாளால் தலையையே சீவி இறக்கி, நடுவில் இருந்ததை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். இனி அவை துளிர்க்காது. பனைமரத்துச் சீமையில் பிறந்தவளுக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுற்றிலும் பச்சை ஓலைகள் குவியல் குவியலாகக் காய்ந்து கிடந்தன. முற்றின, வலுவான, நீளமான ஓலைகள். எடுத்துக்கொண்டு போனவனுக்கு அவை வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். கை விரலைக் குவித்துக் காட்டினேனே, அது அப்படியே அந்த மரங்களின் உச்சியில் நடந்திருந்தது.  அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியவில்லை, சந்தேகமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

சில பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பெண் மட்டும் அழாமல், “யார் மிஸ் செய்தது?” என்று கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி.காரர்களின் மகள். பத்து வயது. வகுப்பில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே பிள்ளை, அதுவும் திக்கித் திக்கி. நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு பிள்ளை, “ஜாடூவாலி,” என்றது. துடைப்பக்காரி. ஈச்ச ஓலையில் துடைப்பம் கட்டி விற்கும் ஒரு பெண்மணி பக்கத்துக் கிராமச் சந்தையில் உட்காருவாள். ஓடைக்கரையில் ஓலை கழிக்க வரும்போது பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். “அவங்கதான் மிஸ்! அவங்கதான் ஓலை எடுப்பாங்க!” என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். துடைப்பத்துக்கு வேண்டிய ஓலையெல்லாம் எங்கள் காலடியில் குவிந்து கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். என்னைச் சொல்லியிருக்கவே வேண்டாம், அதை மட்டும் காட்டியிருந்தாலே போதும்.

“இருக்கலாம்,” என்றேன்.

ஒரு சொல். அதைச் சொன்னபோது அந்தப் பெண்மணியை நான் நினைக்கக்கூட இல்லை. பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருந்த சிலுவைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். மரத்தையே கொன்றுவிட்டீர்களே என்று நான் சத்தம் போட, அவர் கோபப்படவில்லை. “ஆப்னே ஹீ தோ போலா, மேடம். அந்தர் வாலா,” என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள். போனை வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏன், நீயா போயி வெட்டுனே? அவம்லா வெட்டுனான்,” என்றார். “நான் சொல்லித்தானங்க வெட்டுனாரு,” என்றேன். “சபைக்குத்தான சொன்னே. ஒன் வீட்டுக்கா கொண்டுவந்தே? விட்டுத் தள்ளு,” என்றார். என்மேல் பிரியமுள்ளவர், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கும் அந்த ஆறுதல் வேண்டியிருந்தது. சபைக்குத்தானே என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

இதற்குள் பிள்ளைகளிடம் விஷயம் வளர்ந்துவிட்டது. பூமி நாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். எங்கள் வகுப்பு, சந்தையில் போய்த் தெருநாடகம் போடுகிறோம் என்றது. கதையும் அவர்களே எழுதினார்கள்: மரங்கள் நிம்மதியாக நிற்கின்றன, குருவிகள் பாடுகின்றன, துடைப்பக்காரி வருகிறாள், மரங்களின் தலையை வெட்டுகிறாள், குருவிகள் சாகின்றன. நான் தடுக்கவில்லை. துடைப்பக்காரி என்று வேண்டாம், ‘ஒரு பேராசைக்காரி’ என்று வைக்கலாமே என்று சாமர்த்தியமாக ஒரு திருத்தம் சொன்னேன். சரி என்றார்கள், ஆனால் பேராசைக்காரியின் கையில் துடைப்பம் இருந்தது. அந்த வேஷம் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் போனது. ஒத்திகையில் அவளுக்குக் கூச்சம். இடுப்பில் கை வை, குரலைக் கரகரப்பாக்கு, சேலையை இப்படித் தூக்கிச் செருகு என்று நானே நடித்துக் காட்டினேன். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் ஆயிற்றே! வேலையில் இறங்கிவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். ஊருக்கு உபதேசம் என்பார்கள். நான் உபதேசத்துக்கு ஒப்பனையும் போட்டுவிட்டேன்.

சந்தையில் ஊர்ச் சாமி கோயிலுக்கு முன்னால் இடம் கொடுத்தார்கள். நல்ல கூட்டம். அந்தப் பெண் கரகரப்புக் குரலில் முதல் வசனத்தைச் சொன்னதும் சிரிப்பு அள்ளியது. சிரித்தவர்கள் திரும்பி ஒரு பக்கமாகப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த இடத்தில்தான், கோயில் படிக்குப் பக்கத்தில், நிஜமான துடைப்பக்காரி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் பாதி கட்டின துடைப்பம். முதலில் அவளும் சிரித்தாள், பிள்ளைகள் ஏதோ வேடிக்கை செய்கிறார்கள் என்று. அப்புறம் மரங்களின் தலை வெட்டப்படும் காட்சி வந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முடிந்ததும் கிராமத்துத் தலைவர் எழுந்து பிள்ளைகளைப் பாராட்டினார். பேசிக்கொண்டே கையை அவள் பக்கம் நீட்டினார். இனி ஓடைக்கரை மரத்தை யாரும் தொடக்கூடாது, கோயில் முன்னால் இந்தக் குப்பையை விரிக்கவும் கூடாது என்றார். அந்த அளவு மராத்தி எனக்குப் புரிந்தது. கைதட்டினார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த கொத்தமல்லிக்காரி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்குத் திரும்பும்வரை பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எவ்வளவு பழைய பேச்சு! அன்றைக்கு அதை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கோடை விடுமுறை முழுவதும் மனசு நிலைகொள்ளவில்லை. சபையில் பாவ அறிக்கை வாசிக்கும்போது உதடு மட்டும் அசையும். சந்தைப் பக்கம் விசாரித்தேன். அவளைக் கோயில் முன்னாலிருந்து கடைசிக்கு, கருவாட்டுக் கொட்டகைக்கு அப்பால் தள்ளிவிட்டார்களாம். ஓடைக்கரைக்கும் போக முடியாது, வேறு எங்கேயோ தூரத்திலிருந்து ஓலை கொண்டுவருகிறாளாம். கேட்டதும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுவேளை சாப்பிட்டேன்.

பள்ளி திறந்ததும், தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, காலை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். முதல் நாளே எழுதித் திருத்தி வைத்திருந்தேன். இங்கிலீஷில் பேசினேன். வெட்டியது துடைப்பக்காரி இல்லை, எங்கள் சபையின் குருத்தோலைக்காக வெட்டப்பட்டவை அவை என்றேன். நாம் காவல்காரர்களாக இருக்க வேண்டியவர்கள், நாமே கொள்ளையடித்தோம், நாம் அழகுக்கும் பெருமைக்கும் ஆசைப்பட்டோம், நாம் மனம் திரும்ப வேண்டும் என்று பேசிக்கொண்டே போனேன்.  சில ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள். முடித்தபோது ஹாலே கைதட்டியது. தலைமை ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்து, எவ்வளவு தைரியம், இதையே பள்ளி மலருக்குக் கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்றார். மனசு லேசாகிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று ரயிலில் தூங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் கோயம்புத்தூர்ப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், அந்த ஆன்ட்டிக்கு யாரு சொன்னாங்க?”

“எந்த ஆன்ட்டிக்கு?”

“ஜாடூ ஆன்ட்டி. அவங்க வெட்டலன்னு நீங்க அசெம்ப்ளில சொன்னீங்கல்ல. அவங்களுக்குப் பதா... தெரியுமா?”

இல்லை என்றேன். அவள் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அம்மாவோடு சந்தைக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாளாம். போனால் அந்த ஆன்ட்டி தன்னைப் பார்ப்பாங்களாம். “நான் அவங்க மாரி வாய்ஸ் பண்ணேன் மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஷர்ம்... வெக்கமா இருக்கு.” அப்புறம், சண்டைக்கு வருவது போல இல்லாமல், உண்மையாகவே புரியாமல் கேட்டாள்: “நீங்க ‘வீ’ன்னு சொன்னீங்க. வீ கட் தெம்னு. ஆனா நாங்க வெட்டல மிஸ். எங்களுக்குத் தெரியவே தெரியாது.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. இங்கிலீஷில் ‘வீ’ என்று ஒரே சொல்தான். அதற்குள் ஹால் முழுவதையும் இழுத்து உட்கார வைத்திருக்கிறேன், இந்தக் குழந்தை உட்பட. தமிழில் பேசியிருந்தால் நாம் என்றா, நாங்கள் என்றா என்று முதல் வாக்கியத்திலேயே நாக்கு கேட்டிருக்கும். நான் பட வேண்டிய வெட்கத்தை விடுமுறை முழுவதும் இந்தப் பத்து வயதுப் பிள்ளை சுமந்துகொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நானோ கைதட்டு வாங்கிவிட்டு ரயிலில் தூங்கியிருக்கிறேன். அவளைப் பார்க்க எனக்குக் கூசியது. “நீ எதுவும் தப்புப் பண்ணல கண்ணு. நான் போயி சொல்றேன்,” என்றேன்.

அடுத்த சந்தை நாள் பள்ளியிலிருந்து நேரே போனேன். கருவாட்டுக் கொட்டகைக்கு அப்பால், சேறும் ஈயுமாக இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாங்க யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவள் கை நின்றதிலிருந்து தெரிந்தது. நான் குந்தி உட்கார்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த மராத்தியெல்லாம் கலைந்துபோயிற்று. மிஞ்சினதை வைத்துச் சொன்னேன்:

“ஆபண் ஜாடம் தோட்லீ.” நாம் மரங்களை வெட்டினோம்.

அவள் சடாரென்று எழுந்தாள். “ஆபண்? மீ நாஹீ, பாயீ! மீ நாஹீ தோட்லீ!” நான் இல்லை அம்மா, நான் வெட்டவில்லை! கத்திக்கொண்டே துடைப்பங்களை வாரிக் கட்டத் தொடங்கினாள்.  இங்கிருந்தும் துரத்த வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். கருவாட்டுக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

மராத்தியிலும் நம்மைப் போலவே இரண்டு உண்டு. ஆபண் என்றால் நாம், ஆம்ஹீ என்றால் நாங்கள். உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். பிறந்ததிலிருந்து நாக்கில் வைத்திருக்கிற ஒரு தமிழச்சிக்குத் தெரியாமல் போகலாமா? ஹாலில் பழகின வாய், சந்தையிலும் ஆள் சேர்த்துக்கொண்டது. இதுவரை அவள்மேல் பழி விழ விட்டுவிட்டு நின்றவள், இப்போது என் வாயாலேயே அதை அவள்மேல் போட்டுவிட்டேன். ஆம்ஹீ என்று திருத்தப் போனேன். அதுவும் என் சபையின் முதுகுக்குப் பின்னால் ஒளிவதுதான் என்று அப்போது உறைத்தது. அங்கே யார் பச்சை ஓலையை ஒடித்துக் காட்டினார்கள்? யார் விரலைக் குவித்தார்கள்?

அவள் கட்டின துடைப்பக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். “மீ,” என்றேன். நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். “மீ தோட்லீ. தூ நாஹீ. மீ.” நான் வெட்டினேன். நீ இல்லை. நான்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மோட்யானே சாங்க்,” என்றாள். சத்தமாகச் சொல்.

சத்தமாகச் சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, கருவாட்டுக் கொட்டகையிலிருந்து வரிசையாக நடத்திக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நிறுத்துவாள், நான் சொல்வேன், அவள் கடைக்காரரிடம், கேட்டுக்கொண்டாயா என்பாள், அடுத்த கடை. வெங்காயக்காரன் சிரித்தான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற என் குரல் பாதிக் கடைகளில் எழும்பவே இல்லை. எழும்பும்வரை அவள் நகரவில்லை. என் மாணவன் ஒருவனின் தாய் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றால் கையை அவள் விட்டால்தானே.

கோயில் முன்னால், கொத்தமல்லிக்காரியிடம் வந்து நின்றோம். அவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். ஏன் வெட்டினாய் என்று. எங்கள் பண்டிகைக்கு என்று சொல்ல முயன்றேன். பண்டிகை என்பதற்குச் சொல் கிடைக்காமல் கையை உயர்த்தி ஓலை பிடித்து ஆட்டுவது போலக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது.

“தேவாலா?” என்று கேட்டாள். சாமிக்கா?

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் விட்டிருப்பாள். சாமிக்கு என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். துடைப்பக்காரியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாஹீ,” என்றேன். “மலா.” இல்லை. எனக்கு.